சென்னைப் புறநகரில் முதல் வீடு: தாம்பரமா, ஆவடியா?
தாம்பரம் பக்கம் வாங்குவதா, ஆவடி பக்கம் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையை ஒப்பிடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள் என்பேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது தாம்பரம் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. ஆகவே, எந்தப் பக்கமானாலும், வாங்கப்போகும் மனை ஏதேனும் ஓர் ஏரியின் உபரிநீர் செல்லும் வழியில் இருக்கிறதா என்பதை, தரகரிடம் அல்லாமல், அத்தெருவில் பத்தாண்டுகளுக்கு மேல் குடியிருப்போரிடம் விசாரியுங்கள். இயன்றால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேரில் சென்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீரை நம்பும் தெருவா என்பதும் அதே அளவு முக்கியம். இரு பக்கமும் மின்சார ரயில் உண்டு. வீட்டிலிருந்து நிலையத்துக்குக் காலை எட்டரை மணிக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதே உண்மையான தொலைவு. வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது), பட்டா, மனைப்பிரிவு ஒப்புதல் (நிலத்தை மனைகளாகப் பிரித்ததற்கான அரசு அனுமதி) ஆகியவற்றை வழக்கறிஞர் பார்க்கும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.