ப்ளூபெர்ரி ஜெல்லி ஏன் உறையவில்லை?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஹாமன்டன் பக்கம் ஒரு பண்ணையில் நாங்களே பறித்த 4 கிலோ ப்ளூபெர்ரியை ஒரே பாத்திரத்தில் ஜெல்லியாகக் காய்ச்சினேன். தித்திப்பு அதிகம் வேண்டாமென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு பாக்கெட் பெக்டின் தூள் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். மூன்று நாளாகியும் பானகம் போல ஓடுகிறது. எங்கே தவறு? சரிசெய்ய முடியுமா?

பதில்: மூன்று இடத்தில் தவறியிருக்கிறது. அதில் பெரியது சர்க்கரை.

பெக்டின் என்பது பழத்தின் செல்சுவரில் இருக்கும் நார்ச்சத்து. சாற்றில் அது இழை இழையாக மிதக்கும். இழைகள் எல்லாவற்றிலும் ஒரே வகை (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும்; தண்ணீரும் சுற்றி நின்று அவற்றைச் சேரவிடாது. எலுமிச்சையின் புளிப்பு அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் பின்னி வலையாகும். சாதாரண பெக்டினுக்கு, காய்ச்சி முடிக்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். ஆக, இங்கே சர்க்கரையின் வேலை தித்திப்பு மட்டுமில்லை.

இரண்டாவது, அளவு. அவ்வளவு சாறு கொதி நிலைக்கு வரவே நேரமாகும். நீண்ட நேரம் கொதித்தால் பெக்டின் இழைகள் அறுந்துபோகும். கெட்டியாகட்டும் என்று இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டதுதான் நேர்மாறாகிவிட்டது. மூன்றாவது, ஒரு பாக்கெட் தூள் 4 கிலோ பழத்துக்குப் போதாது.

கையிலிருப்பதை ஜெல்லியாக்கப் போராடாதீர்கள். சர்க்கரை பாதியாக இருப்பதால் கூடுதல் பெக்டின் போட்டாலும் நிற்காது. தயிரிலோ பான்கேக்கிலோ ஊற்றிக்கொள்ள நல்ல சிரப் அது. வேண்டியதை ஃப்ரிட்ஜிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள்.

அடுத்த முறை ஒரு ஈட்டுக்கு ஒன்றரைக் கிலோ பழம் போதும். நன்கு பழுத்ததில் பெக்டின் குறைவு. அதனால் நாலில் ஒரு பங்கு, காம்புப் பக்கம் இன்னும் சிவப்பு மாறாத பழங்களாக இருக்கட்டும். மத்தால் மசித்து, அரை கப் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் வேகவையுங்கள். நனைத்துப் பிழிந்த மெல்லிய மல் துணியை இரண்டாக மடித்து, அதில் ஊற்றித் தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரமாவது தானாகச் சொட்ட வேண்டும். கை துறுதுறுக்கும், மூட்டையைப் பிழிந்தால் சதைத்துகள் இறங்கி ஜெல்லி கலங்கிவிடும். கலங்கினாலும் ருசி போகாது, கண்ணாடி போன்ற அந்த ஊதா நிறம் போய்விடும்.

சாறும் பாட்டில் எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டியும் சேர்ந்து மூன்றரை கப், அதாவது 840 மில்லி இருக்க வேண்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்பதால்தான் பாட்டில் சாறு. அளவு குறைந்தால் துணியிலுள்ள சக்கை மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி வடியவிடுங்கள். 49 கிராம் பெக்டின் தூள் பாக்கெட் ஒன்று, சர்க்கரை நாலரை கப், அதாவது 900 கிராம். உங்கள் பாக்கெட்டின் உள்ளே இருக்கும் தாள் வேறு அளவு சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

வரிசை மாறக்கூடாது. தூளை ஆறிய சாற்றில் கட்டியில்லாமல் கரையுங்கள். சர்க்கரை முதலில் விழுந்துவிட்டால் தூள் சரியாகக் கரையாது. பெரிய தீயில், கிளறினாலும் அடங்காத கொதி வரட்டும். சர்க்கரை முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கிளறுங்கள். மறுபடி அதே கொதி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம், அவ்வளவுதான். திரவப் பெக்டினாக இருந்தால் முறை தலைகீழ்: சாறும் சர்க்கரையும் கொதித்த பிறகே அதை ஊற்ற வேண்டும். மைசூர்பாகுக்குப் போல விரலிடையில் கம்பிப் பதம் பார்க்கத் தோன்றும், வேண்டாம். சூட்டில் இது நீர்த்துத்தான் தெரியும், அதைப் பார்த்து இன்னும் கொதிக்கவிட்டால் ரப்பராகலாம், அல்லது பெக்டின் அறுந்து உறையாமலே போகலாம். பாத்திரம் சாற்றைப் போல நாலு மடங்கு கொள்ளட்டும், பொங்கும். நுரையை எடுத்துவிட்டு, கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்த சூடான ஜாடிகளில், மேலே கால் அங்குலம் இடம் விட்டு ஊற்றி மூடுங்கள். பிறகு ஜாடிகளைக் கொதிநீரில் முழுக வைத்து 5 நிமிடம். ஆயிரம் அடிக்கு மேல், ஆறாயிரம் அடி வரை உயரமான ஊரென்றால் 10 நிமிடம், அதற்கும் மேலென்றால் 15 நிமிடம்.

தித்திப்பு குறைவாகத்தான் வேண்டுமென்றால் குறைந்த சர்க்கரைக்கென்றே விற்கும் பெக்டினை வாங்குங்கள். அவற்றில் ஒரு வகை சர்க்கரைக்குப் பதில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையும்.

முழுச் சர்க்கரை போட்டும் இரண்டு நாளில் உறையவில்லையா? அதற்கு வழியிருக்கிறது. 4 கப் ஜெல்லிக்கு அரை கப் தண்ணீர், கால் கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 4 தேக்கரண்டி பெக்டின் தூள். இவற்றைக் கலந்து கிளறிக் கொதிக்கவைத்து, ஜெல்லியை ஊற்றி, அடங்காத கொதி வந்தபின் அரை நிமிடத்தில் இறக்குங்கள். புது மூடி போட்டு மறுபடி கொதிநீரில் வையுங்கள். ஒரு தடவைக்கு 6 கப்புக்கு மேல் எடுக்காதீர்கள்.