விலை குறைந்த ப்ளூ-ரே பிளேயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? டிஸ்க்கும் ஓட வேண்டும், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள படங்களும் ஓட வேண்டும்.

டிஸ்க் மட்டும்தான் என்றால் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடுங்கள். ப்ளூ-ரேயில் உள்ள 1080p (முழு எச்டி) படம் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிறது, அவ்வளவுதான். மலிவான பிளேயரையும் விலை கூடியதையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் பார்த்தும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டிவிடியைப் பெரிதாக்கிக் காட்டுவதில் லேசாகத் தெரியலாம். அதை இன்றைய டிவிகளே ஓரளவு நன்றாகச் செய்துவிடுகின்றன.

வம்பெல்லாம் யூஎஸ்பியில்தான். என் முதல் பிளேயரின் பெட்டியில் 'எம்கேவி ஓடும்' என்று போட்டிருந்தது (எம்கேவி என்பது ஒரு வீடியோ ஃபைல் வகை). நம்பி வாங்கி வந்து ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் விளக்கு மினுக்கியது, 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது, திரையில் ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டது என்று பயந்தே போனேன். பிறகுதான் புரிந்தது. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்ப் வரைதான் தரும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பை இடையில் வைத்ததும் சரியானது.

அத்தோடு விட்டதா? பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்றவே முடியாது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்று மாற்றினால் சில பிளேயர்கள் படிக்காது. எம்கேவி என்பதும் வெறும் டப்பாதான், உள்ளே வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். எச்.264 முறை என்றால் பெரும்பாலும் ஓடும், அதைவிடப் புதிய எச்இவிசி என்றால் பல பழைய 1080p பிளேயர்கள் கையை விரித்துவிடும்.

தமிழ் சப்டைட்டில் தனிக் கதை. ஆங்கில எஸ்ஆர்டி (எழுத்தாக இருக்கும் சப்டைட்டில் ஃபைல்) அழகாக வந்தது, தமிழ் எஸ்ஆர்டி போட்டால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. ப்ளூ-ரே டிஸ்க்கோடு வரும் சப்டைட்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது பெரும்பாலும் எழுத்தாக இல்லாமல் படமாகவே பதியப்பட்டிருக்கும்.

இன்னொன்று சினாவியா என்ற திருட்டுப் பிரதித் தடுப்பு. 2012 முதல் வரும் பிளேயர்களில் இது கட்டாயம். சில படங்களின் ஒலியில் ஒளிந்திருக்கும் அடையாளத்தைக் கண்டுபிடித்து, பிரதி எடுத்த ஃபைல் என்று தோன்றினால் பாதியில் சத்தத்தை நிறுத்திவிடும். ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டிப் பயனில்லை.

வெளிநாட்டு டிஸ்க் வரவழைப்பவர் என்றால் ஏ, பி, சி மண்டலங்களைப் பாருங்கள், ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. இந்தியா சி, அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி. 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை, ஆனால் அவை சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமிங் ஆப்களுக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள், சில வருடங்களில் அப்டேட் நின்றுவிடும்.

ஓப்போ 2018-இல் ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பை விட்டது, சாம்சங் 2019-இல் புது மாடல்களை நிறுத்தியது. அதனால் பலர் பழையதைத் தேடுகிறார்கள். தேடலாம், தப்பில்லை. ஆனால் 50 ஜிபி, அதாவது இரண்டு அடுக்கு டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் படத்தின் பின்பாதியையும் ஓட்டிப் பாருங்கள். லென்ஸ் களைத்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் திணறும். வீட்டில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) இருக்கிறதா? அப்படியானால் பிளேயரே வேண்டாம், அதிலேயே ப்ளூ-ரே ஓடும் (4கே டிஸ்க் ஓடாது, ஆடியோ சிடியும் ஓடாது).

புதியதோ பழையதோ, கடைக்குப் போகும்போது உங்களிடம் உள்ளதிலேயே பெரிய ஃபைல் ஒன்று, எச்இவிசி ஒன்று, தமிழ் சப்டைட்டிலோடு ஒன்று என மூன்றையும் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் மறக்காதீர்கள். செருகிப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.