சேமிப்பக ஏபிஐ வழியாக மெய்நிகர் கோப்பு சர்வர்களின் நெட்வொர்க் பெயர்களை எடுப்பது எப்படி?

எஸ்விஎம் (மெய்நிகர் கோப்பு சர்வர்) பட்டியலை எடுத்து, அதிலுள்ள பெயர்களைப் பகிர்வுப் பாதையில் இட்டுப் பார்த்துச் சலித்த பிறகுதான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அறிந்தது நெட்ஆப் சேமிப்பகங்களின் இயங்குதளமான ஆன்டாப் மட்டுமே. பிற சாதனங்களில் முகவரிகள் வேறுபடும்.

எஸ்விஎம் பெயர் நிர்வாகியின் வசதிக்கானது. பயனரின் கணினி தேடுவது, அந்த எஸ்விஎம்முக்குள் உருவாக்கிய சிஃப்ஸ் (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) சர்வரின் பெயரை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மண்டபத்தில் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். புதிய சேமிப்பகத்தை நிறுவிய ஒப்பந்தக்காரர்கள், எஸ்விஎம் பெயர்களை மட்டும் ஓர் எக்செல் தாளில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் தொண்டிக் கொள்முதல் நிலையத்திலிருந்து, "அண்ணே, பாதையே இல்லைன்னு வருது, பில்லு போடாம வண்டிய அனுப்ப முடியாதுண்ணே" என்று அழைப்பு வந்தது. இறால் பெட்டிகளில் ஐஸ் கரைந்துகொண்டிருக்க, ஒரு பெயருக்காக வண்டி நின்றது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அன்று கைகொடுத்தது '/ஏபிஐ/புரோட்டோகால்ஸ்/சிஃப்ஸ்/சர்வீசஸ்' என்ற முகவரிக்கு அனுப்பிய கெட் கோரிக்கைதான். 'ஃபீல்ட்ஸ்' அளவுருவில் 'நேம்', 'எஸ்விஎம்.நேம்', 'ஏடி_டொமைன்.எஃப்கியூடிஎன்', 'நெட்பயாஸ்.அலையசஸ்' ஆகியவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பதிலில் பல புலங்கள் வராது. 'ரெக்கார்ட்ஸ்' பகுதியில் ஒவ்வோர் எஸ்விஎம்முக்கும் எதிரே வரும் 'நேம்', அதிகபட்சம் 15 எழுத்துகள் கொண்ட, பயனரின் கணினி தேடும் அந்த சிஃப்ஸ் சர்வரின் நெட்பயாஸ் (விண்டோஸ் நெட்வொர்க்) பெயர். எங்கள் தாளில் விடுபட்டிருந்ததும் அதுவே. பதில் நீளமாக இருந்தால் '_லிங்க்ஸ்' பகுதியிலுள்ள 'நெக்ஸ்ட்' இணைப்பைத் தொடர வேண்டும். எஸ்விஎம் அளவிலான கணக்கில் நுழைந்தால் அந்த ஒன்று மட்டுமே தெரியும். முழுப் பட்டியலுக்குக் கிளஸ்டர் (எஸ்விஎம்கள் இயங்கும் முழுச் சேமிப்பகத் தொகுப்பு) அளவில் வாசிப்பு உரிமையுள்ள கணக்கு தேவை.

ஆன்டாப்பின் நிர்வாகத் திரையான சிஸ்டம் மேனேஜரைத் திறந்தாலே தெரியுமே என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு சாதனத்துக்கு அது போதும் என்பதை மறுக்கவில்லை. பல கிளஸ்டர்களின் பட்டியலைத் தானாகப் புதுப்பிக்க வேண்டியவர் ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேலே சொன்ன இந்த ரெஸ்ட் ஏபிஐ வழி ஆன்டாப் 9.6 பதிப்பிலிருந்தே உண்டு. அதற்கு முந்தையவற்றில் பழைய ஏபிஐயான ஜாப்பியின் 'சிஃப்ஸ்-சர்வர்-கெட்-இட்டர்' அழைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

என்எஃப்எஸ் (லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகள் பயன்படுத்தும் கோப்புப் பகிர்வு) மட்டும் வழங்கும் எஸ்விஎம்முக்கு இந்தப் பட்டியலில் பதிவே இருக்காது. அதற்கு '/ஏபிஐ/நெட்வொர்க்/ஐபி/இன்டர்ஃபேசஸ்' வழியாக ஐபி முகவரிகளை எடுத்து, அவற்றுக்குரிய பெயர்களை உங்கள் டிஎன்எஸ் சர்வரில் தேட வேண்டும். டிஎன்எஸ்ஸில் யாரேனும் தனியாகச் சேர்த்த சிநேம் (மாற்றுப்பெயர்) பதிவுகளையும் அங்கேதான் பார்க்க முடியும். இந்த சிஃப்ஸ் பட்டியலில் அவை வருவதில்லை.