கேள்வி பதில்: களிமண்ணைக் குத்தினால் சிற்பமா?

கும்மிருட்டில் ஒருவர் களிமண் குவியலைக் குத்து குத்தென்று குத்துகிறார், நடுநடுவே ஃபிளாஷ் அடிக்கிறது. வீடியோவில் பார்த்தேன். இதைச் சிற்பம் என்கிறார்களே, நம்மைக் கேனையன் என்று நினைத்துவிட்டார்களா?
_வாசகர், கோவை_

கோபம் புரிகிறது, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பார்த்தது காசில்ஸ். மான்ட்ரியலில் வளர்ந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியேறிய திருநர் கலைஞர், ஜிம் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தவர். அந்த நிகழ்வின் பெயர் 'பிகமிங் ஆன் இமேஜ்', 2012இல் தொடங்கி வெவ்வேறு ஊர்களில் நடத்தியிருக்கிறார். நடுவில் 2000 பவுண்டு களிமண், அதாவது நம் கணக்கில் 900 கிலோவுக்கு மேல். விளக்கு கிடையாது. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் ஒன்றும் தெரியாது, குத்துகிறவருக்கும் தெரியாது, படம் எடுக்கிறவருக்குக்கூடத் தெரியாது. அவர் சத்தம் வந்த பக்கம் குத்துமதிப்பாகக் கேமராவைத் திருப்பி அமுக்குவார், அந்த ஒரு கணம்தான் வெளிச்சம். உச்சி வெயிலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே ஒரு உருவம் நிற்குமே, அப்படி அந்தக் காட்சி கண்ணுக்குள்ளேயே கொஞ்ச நேரம் மிதக்கும். மற்றபடி மூச்சிரைப்பும், ஈர மண்ணில் முட்டி விழும் சத்தமும்தான்.

இதை அவர் முதலில் உருவாக்கியது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள 'ஒன்' ஆவணக் காப்பகத்துக்காக. ஒருபாலீர்ப்பினர் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் இடம் அது. அப்படிப்பட்ட காப்பகங்களிலேயே திருநர் பற்றிய பதிவுகள் பல நேரம் விடுபட்டுப் போயிருக்கின்றன. திருநர் மேல் அடி விழுந்தது உண்மை, ஆனால் பார்த்தவர் யார், பதிந்தவர் யார்? இருட்டு அதற்காகத்தான். வீடியோவில் பார்த்தால் பாதி போய்விடும் என்பதும் அதனால்தான்.

சிற்பமா என்றால், என்னைக் கேட்டால் ஆமாம். கையில் உளி இல்லை, முட்டியும் முழங்காலும் பாதமும் இருக்கின்றன, கடைசியில் மண் உருமாறி நிற்கிறது. அப்படி அடிபட்ட ஒரு மண்ணை அச்செடுத்து 2016இல் வெண்கலத்தில் வார்த்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஒமாஹா நகரில் அந்த வெண்கலத்தை ஊர்க்காரர்கள் சேர்ந்து தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார்கள், அங்கே திருநரும் ஒருபாலீர்ப்பினரும் அடிபட்ட, எதிர்த்து நின்ற இடங்கள் வழியாக. சிலை என்றால் பீடத்தில் ஏறி நிற்கவேண்டும், நாம் மாலை போடவேண்டும் என்று பழகிப்போன நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஆணாக மாறுவதற்காகத்தான் இவர் உடம்பை அப்படி ஏற்றினாராமே?
_வாசகி, சேலம்_

இல்லை, அங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 'கட்ஸ்: எ டிரெடிஷனல் ஸ்கல்ப்ச்சர்' என்ற 2011ஆம் ஆண்டுப் படைப்பு அது. 23 வாரத்தில் 23 பவுண்டு தசை, பத்து கிலோவுக்கு மேல். கடுமையான உடற்பயிற்சி, ஒரு கனத்த ஆண் விளையாட்டு வீரர் சாப்பிடும் அளவுக்குச் சாப்பாடு, அதில் எட்டு வாரம் லேசான ஸ்டீராய்டு. தினமும் நான்கு பக்கமும் நின்று போட்டோ.

இதற்கு ஒரு அக்கா உண்டு. 1972இல் எலினார் ஆண்டின் என்ற அமெரிக்கக் கலைஞர் 37 நாள் பட்டினிக் கட்டுப்பாட்டில் இளைத்துக்கொண்டே தினமும் நான்கு படம் எடுத்து, 148 படங்களை வரிசையாக மாட்டி, 'செதுக்கல்: ஒரு மரபான சிற்பம்' என்று பெயர் வைத்தார். பெண் உடம்பு என்றால் குறைத்துக்கொண்டே போகவேண்டும் என்ற எதிர்பார்ப்பை நக்கலடித்தது அது. காசில்ஸ் அதையே எடுத்து எதிர்ப்பக்கம் ஓட்டினார், அவர் குறைக்கவில்லை, கூட்டினார். திருநர் என்றாலே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தவர் என்று நினைக்கிறோம். போய்ச் சேரும் கரை என்று ஒன்று வேண்டியதில்லை, ஆகிக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அவர் கட்சி. 23 வாரமும் முடிந்தபின் அந்த உடம்பும் இளகியிருக்கும், அது வெண்கலம் இல்லையே.

மூத்திரத்தைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி வைத்தாராம். கருமம், இதெல்லாம் விளம்பரத்துக்குத்தானே?
_வாசகர், விருதுநகர்_

விளம்பரமும்தான். ஆனால் காரணத்தையும் கேளுங்கள். திருநர் மாணவர்கள் தங்கள் பாலின அடையாளத்துக்கு ஏற்ற பள்ளிக் கழிப்பறைக்குப் போகலாம் என்று ஒபாமா அரசு கொடுத்திருந்த வழிகாட்டுதலை 2017 பிப்ரவரியில் டிரம்ப் அரசு திரும்பப் பெற்றது. அன்றிலிருந்து தன் சிறுநீரைச் சேர்த்தார் காசில்ஸ், மொத்தம் 200 கேலன், 750 லிட்டர் சொச்சம். அந்தச் செப்டம்பரில் நியூயார்க்கில் வைத்தார். பக்கத்திலேயே, கழிப்பறைக்காக வழக்குப் போட்ட வர்ஜீனியா மாணவர் கேவின் கிரிம் வழக்கு விசாரணையின் ஒலிப்பதிவு ஓடியது. ஒரு பையன் எங்கே ஒன்றுக்குப் போகவேண்டும் என்று பெரியவர்கள் கூடி வாதாடுவதைக் கேட்டுக்கொண்டே அந்தத் தொட்டியைப் பார்க்கவேண்டும். எது அருவருப்பு என்று அப்புறம் சொல்லுங்கள்.

உங்களுக்கு இவரிடம் பிடிக்காதது எதுவுமே இல்லையா?
_அதே சேலம் வாசகி_

இருக்கிறது. 2015இல் சினிமா சண்டைக்காரர்கள் மாதிரி பாதுகாப்பு ஏற்பாட்டோடு தன் மேல் தீ வைத்துக்கொண்டு, 14 விநாடி எரிந்ததை 14 நிமிடப் படமாக மெதுவாக ஓட்டினார். பிரமாதமாகத்தான் இருக்கிறது, சிக்கலே அதுதான். நெருப்பின் அழகில் கண் போய்விடுகிறது, வலி எனக்கு வந்து சேரவில்லை. களிமண் எத்தனையோ மேல்.