தோட்டத்தில் நான்கு சிலைகள்: எது எந்தப் பருவம்?

ஐரோப்பியத் தோட்டங்களில் நான்காக நிற்கும் பழைய சிலைகளில் எது எந்தப் பருவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்தை விட்டுவிட்டுக் கையையும் காலடியையும் பாருங்கள்.

பூ இருந்தால் வசந்தம். கோதுமைக் கதிரோ அரிவாளோ இருந்தால் கோடை. திராட்சைக் குலை என்றால் இலையுதிர்காலம். இவை ரோமானியத் தெய்வங்களான ஃப்ளோரா, சீரீஸ், பாக்கஸ் ஆகியோரின் அடையாளங்கள்.

குளிர்காலம்தான் சுவாரசியம். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்காக 1674இல் பதினான்காம் லூயி 24 பளிங்குச் சிலைகள் செய்யச் சொன்னார். அவற்றுக்கான வரைபடங்கள் ஓவியர் லெ பிரன் கொடுத்தவை. அந்த வரிசையில் ஜிரார்தோன் செதுக்கிய குளிர்காலம், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒடுங்கி நிற்கும் தாடிக்காரக் கிழவர். காலடியில் கணப்புச் சட்டி. பளிங்கு நடுங்குமா என்றால், இதில் நடுங்குகிறது. என் கண்ணுக்கு மற்ற மூன்றும் இதற்குப் பின்னால்தான்.

அதே தோட்டத்தில் பருவத்துக்கொன்றாக நான்கு நீரூற்றுகளும் உண்டு. அங்கே குளிர்காலத்துக்கு உரியவர் சாட்டர்ன். அவருக்கான ரோமானியத் திருவிழா டிசம்பரில் வந்ததை நினைத்தால் பொருத்தம் புரியும். அந்த உருவங்கள் பளிங்கு அல்ல, பொன் பூசிய ஈயம்.

கார், கூதிர் என்று ஆறு பருவம் எண்ணிய நமக்கு நான்கு குறைவாகத் தோன்றலாம். மழைக்கென்று அங்கே தனிச் சிலை கிடையாது.

இன்னொன்று: வெர்சாயில் பல மூலச் சிலைகளை வெயில் மழையிலிருந்து காக்க உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நிற்பவற்றில் பல அச்செடுத்த நகல்கள்.