தாய்ப்பால் கொடுக்கும்போது கருத்தடை பாதுகாப்பானதா? இதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். கட்டாயம் கேளுங்கள். "முதல் குழந்தைக்கு நாற்பது நாள் ஆகிறது, குழந்தை டாக்டரிடம் போய் இதைக் கேட்டால் என்ன நினைப்பாரோ" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தை மருத்துவர். கடைசி ஏழு ஆண்டுகளாக முதுநிலை மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் இந்தத் தயக்கத்தில் பெரும்பங்கு எங்களை உருவாக்கிய பயிற்சியால் வந்தது. ஆகவே என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

எம்.டி. இரண்டாம் ஆண்டில் இருந்தபோது ஒரு புதன்கிழமை, தடுப்பூசி அறையில் எனக்குப் பணி. இருபது வயதுகூட நிறையாத ஒரு தாய் 45ஆம் நாள் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டு முடித்து, காய்ச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்து போகவில்லை. பின்னால் நின்ற மாமியார் வெளியே போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அடுத்த குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும் டாக்டரம்மா. மாத்திரை சாப்பிட்டால் பால் கெட்டுப்போகுமா?"

"அதை மகப்பேறு பிரிவில் போய்க் கேளுங்கள் அம்மா" என்றேன். வாசலில் இன்னும் அறுபது பேர் நின்றார்கள். உண்மையைச் சொன்னால், கூட்டம் இல்லாத நாளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. மகப்பேறு பிரிவுக்கு இன்னொரு சீட்டு, இன்னொரு வரிசை, இன்னொரு நாள் பஸ் செலவு என்பதெல்லாம் அன்றைக்கு என் மனதில் வரவே இல்லை.

முதல் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அவளை மறுபடி பார்த்தேன், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். முப்பது வாரத்தில் பிறந்த இரண்டாவது குழந்தை, 1,200 கிராம். "பால் கொடுத்தால் தங்காது என்றார்கள், மாதவிலக்கே வரவில்லையே" என்று அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அந்தக் குழந்தை பிழைத்தது. ஐம்பது நாட்களுக்கு மேல் மருத்துவமனையில் இருந்து வீட்டுக்குப் போனது. ஒரு குழந்தை ஏன் குறைமாதத்தில் பிறந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் பிரசவங்களுக்கு இடையே இடைவெளி குறைந்தால் குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் கூடுகின்றன. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாதங்கள் விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இரண்டாவது குழந்தைக்கு இரவு பகலாக நான் பார்த்த வைத்தியம், பத்து மாதத்துக்கு முன் சொல்லாமல் விட்ட இரண்டு வாக்கியங்களோடு எனக்குள் சேர்ந்தே கிடக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"பால் கொடுத்தால் தங்காது" என்பது முழுப் பொய் இல்லை. மூன்று நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேறினால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காக்கும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட வரையறை இது. இரவில் ஒரு சங்கு பசும்பால் கொடுக்கத் தொடங்கிவிட்டால் கணக்கு உடைந்துவிடும். முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் "விலக்கே வராமல்" கரு நிற்கிறது.

மற்ற முறைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் தகுதி அளவுகோல் ஒன்றை வெளியிட்டுப் புதுப்பித்து வருகிறது. ஒவ்வொரு முறையையும் ஒவ்வொரு உடல்நிலைக்கும் பொருத்திப் பார்த்து ஒன்று முதல் நான்கு வரை எண் தருகிறார்கள். ஒன்று என்றால் தடையில்லை. நான்கு என்றால் கூடவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த சாதாரண மாத்திரை, பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு வாரம் நான்கு. அதன்பின் ஆறு மாதம்வரை மூன்று. மூன்று என்றால் வேறு வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டியது. கருத்தடை ஊசி முதல் ஆறு வாரம் மூன்று. ஆறு வாரம் கடந்ததும் ஒன்று. கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டால் ஒன்று. அதைத் தவறவிட்டால் நான்கு வாரம் பொறுத்துப் போடலாம், அப்போதும் ஒன்று. நம் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாயா மாத்திரையில் ஹார்மோனே இல்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது அது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அரசுத் திட்டத்திலேயே தருகிறார்கள்.

ஆறு வாரம் என்றால் 42 நாள். உங்கள் குழந்தையின் முதல் பெரிய ஊசி 45ஆம் நாள். இந்தப் பொருத்தத்தைக் கவனித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரும்பாலான வழிகள் தாய்க்குத் திறக்கும் அதே வாரத்தில் அவள் தானாகவே மருத்துவமனைக்கு வருகிறாள். 75ஆம் நாளும் 105ஆம் நாளும் மறுபடி வருகிறாள். நாங்களோ குழந்தையின் தொடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறோம்.

ஈஸ்ட்ரோஜனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? இரத்தக் குழாயில் உறைகட்டி உண்டாகும் ஆபத்துதான் முதல் காரணம். அமெரிக்க மருந்து ஆணையம் தரும் கணக்கு இது: மாத்திரை சாப்பிடாத, கருவுறாத 10,000 பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு உறைகட்டி வரும். மாத்திரை சாப்பிடுவோரில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவத்துக்குப் பிந்தைய 12 வாரங்களில் அதே கணக்கு 40 முதல் 65 வரை ஏறுகிறது. ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ஆபத்தின் மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம் என்பதே அந்த ஆறு வாரத் தடையின் பொருள். பால் குறைந்துவிடுமோ என்ற கவலை அதற்கு அடுத்தது.

இதே எண்களைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 1995 அக்டோபரில் அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய வகை மாத்திரைகளால் உறைகட்டி ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அறிவித்தது. உண்மையில் ஆண்டுக்கு லட்சம் பெண்களில் சுமார் 15 பேர் என்பது 30 ஆவது அது. கர்ப்பத்தில் வரும் ஆபத்தோ அதைவிட அதிகம். "இரண்டு மடங்கு" மட்டும் செய்தியானது. பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. என் மாணவர்களிடம் நான் கறாராக இருக்கும் இடம் இது: எத்தனை மடங்கு என்று சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனை என்றும் சொல்லியாக வேண்டும். கருத்தடை ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 2024இல் வந்த பிரெஞ்சு ஆய்வையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கட்டி அரிது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் ஊசி தொடர்பவரிடம் அதை மறைக்கக் கூடாது. ஊசியால் மாதவிலக்கு தாறுமாறாவதும், நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் பிடிப்பதும் மிகச் சாதாரணமாக நடப்பவை. அவற்றை முன்பே சொல்லாததால் பயந்துபோய் நிறுத்தியவர்கள் ஏராளம்.

இளம் மருத்துவர்கள் ஏன் இதைப் பேசுவதில்லை? அறிவு போதாதது மட்டுமே காரணமென்றால் ஒரு வகுப்பெடுத்துச் சரிசெய்துவிடலாம். நானும் எடுத்தேன்; தேர்வில் எழுதினார்கள், தடுப்பூசி அறையில் பேசவில்லை. குழந்தை மருத்துவப் பயிற்சி பற்றிய இரண்டு ஆய்வுகள்தான் எனக்கு வழிகாட்டின. 2014இல் வெளியான ஐ-பாஸ் ஆய்வு, வட அமெரிக்காவின் ஒன்பது மருத்துவமனைகளில் நடந்தது. பணி மாறும்போது ஒரு பயிற்சி மருத்துவர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பேச்சுக்கு ஐந்து படிகள் கொண்ட வடிவம் கொடுத்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. பேசும் நேரமோ கூடவில்லை. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணி நேரப் பணியை நீக்கிப் பார்த்தார்கள். பிழைகள் குறையும் என்று எதிர்பார்த்தால், கூடின. ஒவ்வொரு மருத்துவரின் தலையிலும் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அதைக் கணக்கில் கொண்டதும் வித்தியாசம் மறைந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வியை யாருடைய நல்ல மனதையும் நம்பி விடக் கூடாது; அது வேலையின் வடிவத்திலேயே இருக்க வேண்டும். ஒருவர் தாங்கக்கூடிய கூட்டமாகவும் இருக்க வேண்டும். அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை நடந்தது; பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள்.

இப்போது எங்கள் தடுப்பூசி அறையில் ஊசியின் பெயரை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'தா' என்று ஓர் எழுத்து இருக்கும். தாயிடம் கேட்டாயிற்று என்று பொருள். பால் மட்டும்தானா, விலக்கு வந்ததா, அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்று மூன்றே கேள்விகள். மாமியாரைக் குழந்தையோடு எடை பார்க்க அனுப்பிவிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. 45ஆம் நாள் ஊசிக்குப் போகும்போது இரத்த அழுத்தம், வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, ஒற்றைத் தலைவலி, முன்பு காலில் இரத்தம் உறைந்தது ஆகியவற்றில் எதுவும் உங்களுக்கு உண்டா என்பதைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அதைப் பொறுத்தே மாறும். அங்குள்ள மருத்துவர் நான் அன்று சொன்ன பதிலையே சொன்னால், வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அதே வளாகத்தில் இருக்கும் மகப்பேறு பிரிவிலோ உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.