தடுப்பூசி போட்ட கோழிக்கும் ஐபி நோய் வருகிறதே, 'மரபணு மறுசேர்க்கை'தான் காரணமா?

பல நேரம் அதுவும் ஒரு காரணம். இரண்டு வைரஸ்களின் மரபுச்செய்தி துண்டு துண்டாகக் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறப்பதுதான் மறுசேர்க்கை. பண்ணைக்காரர்கள் ஐபி என்று சொல்லும் மூச்சுக்குழல் அழற்சியின் வைரஸ் இதில் கைதேர்ந்தது. 1931-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குஞ்சுகளிடம் முதலில் பதிவான நோய் இது. முட்டைக்கோழிக்கு வந்தால் முட்டை ஓட்டில் சுருக்கம் விழும், உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும்.

இதன் மரபுப்பொருள் ஏறக்குறைய 27,600 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ. ஒரே செல்லுக்குள் இரண்டு வகைகள் நுழைந்துவிட்டால், நகலெடுக்கும் நொதி பாதியில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவிவிடும். இரண்டு நோட்டுகளை விரித்துவைத்துப் பார்த்தெழுதும்போது, கண் தவறிப் பக்கத்து நோட்டின் அதே வரிக்குப் போய் அப்படியே தொடர்வோமே, அதுபோல. வரிகள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் தாவ முடிகிறது.

மாறியது வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைப் புரதம் என்றால்தான் வம்பு. தடுப்பூசியால் உண்டான எதிர்ப்பொருளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். உயிருள்ள தடுப்பூசியில் இருக்கும் வைரஸே கலப்பில் ஒரு பங்காளியாவதும் உண்டு.

அப்புறம், இது கொரோனா குடும்பத்து வைரஸ்தான், ஆனால் கோவிட் இல்லை; மனிதருக்கு இது நோய் தருவதாக அறியப்படவில்லை.